நின்றுகொண்டு சாப்பிட்டது

தஞ்சாவூர் பூரணி மஹால் மேனேஜர் திருநாவுக்கரசுக்கு ஒரு கொள்கை உண்டு. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்து வாயில் வைத்தால்தான் அது சாப்பாடு. மற்றதெல்லாம் சும்மா. நின்றபடி வாயில் போட்டுக்கொண்ட வடை, நடந்தபடி மென்ற முறுக்கு, போனில் பேசிக்கொண்டே விழுங்கிய கேசரி, "உப்பு சரியா இருக்கா பாருங்க சார்" என்று நீட்டப்பட்ட கரண்டியில் இருந்த அவியல், இவற்றுக்கெல்லாம் அவரிடம் பெயரே கிடையாது. அவருடைய சட்டப்படி பார்த்தால் பதினோரு வருஷமாக மண்டபத்தில் அவர் ஒரு பருக்கை தொட்டதில்லை. பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

காலம் எவ்வளவோ மாறிவிட்டது. முகூர்த்தத்துக்கு அட்சதை தூவ மேலே ட்ரோன் சுற்றுகிறது. வர முடியாத வெளிநாட்டு மாமாக்கள் ஒளியுருவமாக முன்வரிசையில் அமர்ந்து கொட்டாவி விடுகிறார்கள். ஆனாலும் சாம்பாரில் உப்பு பார்க்க இன்னும் ஒரு நாக்கு வேண்டியிருக்கிறது. பூரணி மஹாலில் அது மேனேஜருடைய நாக்கு. பக்கிரி மாஸ்டர் அடுப்பிலிருந்து எதை இறக்கினாலும் முதல் கரண்டி அவருக்கு வரும். அவர் கண்ணை மூடி, ருசித்து, தலையை ஆட்டினால்தான் அது பந்திக்குப் போகும். ஒரு கல்யாணத்துக்கு இருபத்திரண்டு ஐட்டம். மாலை வரவேற்புக்குத் தனி.

போதாக்குறைக்குச் சனிக்கிழமை பெருமாளுக்கு ஒரு பொழுது வேறு. அன்று ராத்திரி சாதம் கிடையாது, பலகாரம்தான். ஆறு இட்லி, இரண்டு அடை, அடைக்குத் தொட்டுக்கொள்ள வெல்லமும் வெண்ணெயும். விரதம் என்றால் விரதம்.

பொய் சொல்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். மண்டபத்தில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கொலுசைக்கூட மூன்று மாதம் பத்திரமாக வைத்திருந்து, தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தவர். தான் சொல்வது உண்மை என்று அவரே மனதார நம்பினார். தொல்லையே அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வரவேற்பின்போது ஸ்டோர் ரூம் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அப்போது எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. இதயத்தைச் சரிசெய்தார்கள். ஆனால் இந்த உடம்பு இனி ஓர் அளவுக்கு மேல் தாங்காது என்று டாக்டர் ஜெசிந்தா சொல்லிவிட்டார். அதனால் விலா எலும்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு சில்லு வைத்தார்கள். அதற்கு ஜோடியாக இன்னொன்றை அவர் மனைவி மேகலைக்கும் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஜனங்கள் அதைப் 'பங்காளி' என்றார்கள். சிறுநீரகம் தருவதுபோல, ரத்த உறவோ கட்டிக்கொண்டவரோதான் பங்காளியாக முடியும் என்று சட்டம். ஒருவர் உடம்பு அளவைத் தாண்டினால் சுமையை மற்றவர் உடம்பு வாங்கிக்கொள்ளும்.

டாக்டர் விளக்கிய அன்று திருநாவுக்கரசு தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெட்ரோல் பங்கில் சிவப்பு வாளியில் மணல் தொங்குமே, அந்த மாதிரி ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மாட்டி வைப்பது, யாரும் எடுத்துக் கொட்டியதில்லை. தான்தான் எதுவும் சாப்பிடுவதில்லையே, அளவை எங்கே தாண்டப் போகிறோம்?

அவர் நம்பிக்கைக்கு ஏற்ப எடையும் மளமளவென்று இறங்கி எண்பத்து நாலில் வந்து நின்றது. பழைய சட்டைகளை எல்லாம் பக்கிரி மாஸ்டருக்குக் கொடுத்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "கட்டுப்பாடுதான் சார், வேற ஒரு மந்திரமும் இல்ல" என்றார்.

ஆனால் மேகலை பெருத்துக்கொண்டே போனாள்.

இதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. மேகலை பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். சின்ன வயதில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்துக்காக ஓடியவள். கல்யாணமான புதிதில் இவருடைய சைக்கிளுக்குச் சமமாகப் பேசிக்கொண்டே ஓடி வருவாள், மூச்சு வாங்கியது என்னவோ சைக்கிளில் இருந்தவருக்குத்தான். ஐம்பத்தேழு கிலோ இருந்த அவள் இப்போது எண்பத்தெட்டு. சர்க்கரை வந்துவிட்டது. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்தாள். கேட்டால், "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லைங்க" என்றாள்.

திருநாவுக்கரசு மனிதர்களைப் பார்த்தவர். ஒன்றுமே சாப்பிடாமல் உடம்பு எப்படி ஏறும்? அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்த்தார். முறுக்கை எண்ணி வைத்துவிட்டு மறுநாள் திரும்ப எண்ணினார். இரண்டு குறைந்தது. பிறகுதான், முந்தின நாள் எண்ணும்போது தானே நின்றபடி இரண்டை வாயில் போட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. அது கணக்கில் வராது, சும்மா போட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்காக வாங்கிவந்த நடைப்பயிற்சி ஷூவை மடியில் வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

"மேகலா, ஒத்துக்கிறதுதான் முதல் படி. யார்கிட்ட மறைக்கற? என்கிட்டயா?"

"நான் என்னத்த மறைச்சேன்?"

"நீ சாப்பிடறது எனக்குத் தெரியாம இருக்கலாம். உன் உடம்புக்குத் தெரியாதா?"

மேகலை அவரைப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று உதட்டோரம் வந்து போயிற்று.

"தெரியும்ங்க. உடம்புக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஷூவை வாங்கிக்கொண்டாள். குனிந்து போட முடியவில்லை. அவரே தரையில் உட்கார்ந்து நாடாவைக் கட்டிவிட்டார்.

அடுத்த வாரம் பள்ளியில் விளையாட்டு விழா. ஓடுதளத்தில் சுண்ணாம்புக் கோடு போட மண்டியிட்ட மேகலையால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்று மாணவிகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் தலைமையாசிரியை அவளைத் தனியாக அழைத்து, இந்த வருஷம் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுங்களேன் டீச்சர், நிழலில் உட்கார்ந்த வேலை என்று பக்குவமாகச் சொன்னார். இருபத்து நாலு வருஷமாகக் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி, வீட்டில் காலண்டர் ஆணியில் மாட்டினாள் மேகலை. மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ரசத்துக்குப் புளி கரைக்கப் போனாள்.

திருநாவுக்கரசு ஆணியில் தொங்கிய விசிலைப் பார்த்தார். அவள் ஓடாத மேகலையாகிவிட்டால் வீட்டில் பாதி வெளிச்சம் போன மாதிரி. அன்றே டாக்டர் ஜெசிந்தாவிடம் நேரம் வாங்கினார்.

"டாக்டர், நீங்க கொஞ்சம் கண்டிச்சுச் சொல்லணும்" என்று, மேகலையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத் தான் உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார். "நான் சொன்னா எடுபடல. சாப்பிடறதே இல்லைன்னு சாதிக்கிறா. நானும் அன்னிக்கு இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்னு வைங்க. ஆனா நான் திருந்திட்டேன்ல?"

"எப்படித் திருந்துனீங்க?" என்று கேட்டார் டாக்டர். மேகலையின் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தபடியே கேட்டார்.

"கட்டுப்பாடு டாக்டர். சனிக்கிழமை விரதம். மண்டபத்துல ஒரு வாய் தொடறதில்ல."

டாக்டர் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். கருவியை எடுத்து வந்து அவருடைய விலாவில் ஒரு நொடி வைத்தார். மேசைத் திரை நிறையச் சிவப்புக் கோடுகள் எழுந்தன.

"வருஷத்துக்கு ஒரு தடவை வாங்க, பாக்கணும்னு சொன்னேன். நீங்க வரவே இல்ல."

"உடம்பு நல்லா இருந்துச்சு, அதான்."

"சரி. நேத்துக் காலைல ஏழு அம்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"மண்டபத்துல. முகூர்த்தம்."

"எட்டு பத்துக்கு? எட்டு இருபத்தஞ்சு? ஒம்போது? பத்து நாப்பது? சாயங்காலம் நாலேகால்?"

"மண்டபத்துலதான்."

"ஒவ்வொரு தடவையும் அளவத் தாண்டியிருக்கீங்க சார்."

திருநாவுக்கரசு சிரித்தார். "மிஷின் கோளாறு டாக்டர்."

"இருக்கலாம். ஆனா இந்தக் கோளாறு போன வியாழக்கிழமை மட்டும் காணாமப் போயிருக்கு பாருங்க. வியாழக்கிழமை என்ன விசேஷம்?"

போன வாரம் வியாழக்கிழமை முகூர்த்தம் இல்லை. மண்டபம் பூட்டிக் கிடந்தது. அவர் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் பந்தியில உக்காந்ததே இல்ல டாக்டர். வேணும்னா மாஸ்டரக் கேளுங்க. உப்புப் பாக்கறதுதான். நின்னுகிட்டே ஒரு கரண்டி."

"நின்னுகிட்டே சாப்பிட்டா வயித்துக்குப் போகாதா சார்?"

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "எங்க குடும்பமே தடிச்ச உடம்பு டாக்டர். எங்க அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாருமே அப்படித்தான்."

"அது பொய்யில்ல" என்றார் டாக்டர். குரலில் கடுமை இல்லை. "உடம்புவாகு நெஜம். மத்தவங்க சாப்பிடற அளவே உங்களுக்குக் கூடுதல். பசி அடங்கறதும் லேட்டாகும். அது உங்க தப்பே கிடையாது, அந்தப் பாதிக்கு உங்கள யாரும் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா நீங்க என்ன பண்ணிட்டீங்க தெரியுமா? உங்க கையில இருக்கற பாதியையும் தூக்கி அது மேலயே வெச்சிட்டு நிம்மதியா இருந்துட்டீங்க."

"சரி டாக்டர், நான் தாண்டுனதாவே இருக்கட்டும். என் எடை ஏறலையே?"

டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு மேகலையைப் பார்த்தார். மேகலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில்லு என்ன பண்ணுதுன்னா, உங்களுக்கு மிஞ்சினத வெறும் சூடா வெளிய தள்ளிடும். ஆனா உடம்ப அவ்வளவு சுலபமா ஏமாத்த முடியாது. 'சேத்து வை, சேத்து வை'ன்னு அது ஒரு உத்தரவு போட்டுகிட்டே இருக்கும். அந்த உத்தரவ யாராவது ஒருத்தர் உடம்பு வாங்கியே ஆகணும். வாங்கின உடம்பு ரெண்டு இட்லி தின்னாலும் அதக் கொழுப்பா மாத்தி வெச்சிக்கும். அன்னிக்கே சொன்னேன். எப்பவாவது ஒரு தடவை, கல்யாணம் கார்த்திகைன்னு தாண்டினாத்தான் இதுன்னு சொன்னேன். தெனம் எட்டுத் தடவைக்கு இது செஞ்சதில்ல."

திருநாவுக்கரசு மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். புடைத்த விரல்கள், நெகிழ்த்திக் கட்டிய கைக்கடிகாரம், நாற்காலிக்கு வெளியே நீட்டி வைத்திருந்த முட்டி. எல்லாவற்றையும் தினமும் பார்த்தவர்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேருந்து?"

"மொதல் மாசத்துலேருந்தே. கிரவுண்டுல பசியோட நின்னுகிட்டு இருப்பேன். திடீர்னு விருந்து சாப்பிட்ட மாதிரி வயிறு கனத்துடும். மொதல்ல பயந்தேன். அப்புறம் நேரத்த வெச்சுக் கண்டுபிடிச்சிட்டேன். எட்டு மணின்னா கேசரி. நாலு மணின்னா வரவேற்புக்குப் போண்டா போடறாங்க."

"ஏன் மேகலா சொல்லல?"

"சொன்னா நீங்க இல்லம்பீங்க. நான் ஆமாம்பேன். இருபத்தாறு வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல நீங்க. இதுக்குப் போயி உங்களத் தெனம் பொய் சொல்ல வைக்கணுமா?"

அவர் டாக்டரிடம் திரும்பினார். "கழட்டிடுங்க டாக்டர். இப்பவே."

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"நான் போட மாட்டேன்" என்றாள் மேகலை. முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. மைதானத்தில் கேட்கும் குரல். "அன்னிக்கு ஸ்டோர் ரூம் வாசல்ல கெடந்தீங்களே, நான் பக்கத்துலதானே இருந்தேன். மூஞ்சி எப்படிப் போயிருந்துச்சு தெரியுமா? இன்னொரு தடவ அத என்னால பாக்க முடியாது. முட்டி போனாப் போவுது. லைப்ரரில உக்காந்துக்கறேன்."

திருநாவுக்கரசுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவள்மேல் பிரியம் பொங்கி வந்தது. இவளிடம் போய் ஒத்துக்கொள்வதுதான் முதல் படி என்று பாடம் நடத்தியிருக்கிறோமே! அந்த ஷூவை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"இப்பக் கழட்டினா உங்க உடம்பு தாங்காது" என்றார் டாக்டர். "ஆறு மாசம் அளவுக்குள்ள இருந்து காட்டுங்க சார். அப்புறம் அதப் பத்திப் பேசலாம்."

ஆனால் மனசு அத்தனை லேசில் தோற்காது. வீட்டுக்கு வரும் வழியிலேயே உள்ளே ஒரு குரல் வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஒரு கரண்டி, அரைக் கரண்டி. அதுவா இத்தனை சுமை? டாக்டர்கள் எதையும் பெரிதுபடுத்துவார்கள். ஒரு நாள் பார்த்துவிடலாம் என்று முடிவுசெய்தார்.

திங்கட்கிழமை முகூர்த்தத்துக்கு அதிகாலையிலேயே போய்விட்டார். பக்கிரி மாஸ்டர் கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அந்த மூலை மேசைல ஒரு தலைவாழை இலை போடுங்க."

மாஸ்டரின் கை நின்றுவிட்டது. "சார் உக்காரப் போறீங்களா? பதினோரு வருஷமா இல்லாம?"

"உக்காரல. இன்னிக்கு எனக்கு வர்றதையெல்லாம் கையில குடுக்காதீங்க. வழக்கமா என்ன அளவோ அத அப்படியே அந்த இலையில வைங்க. நான் நாக்கு நுனில மட்டும் தொட்டுப் பாத்துக்கறேன்."

முதலில் கேசரி வந்தது. ஒரு கரண்டி, முந்திரியோடு. அடுத்துப் பொங்கல். அப்புறம் வடை இரண்டு, ஒன்று மேலே மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று பார்க்க, இன்னொன்று உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்க்க. தேங்காய்ச் சட்னியை எதோடு தொட்டுப் பார்ப்பது, அதற்கு இரண்டு இட்லி. எட்டரைக்குள் இலையின் இடது பக்கம் நிறைந்துவிட்டது. பிறகு மதியச் சமையல் தொடங்கியது. அவியல், உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்காய்ப் பொரியல், சேனை மசியல், மோர்க்குழம்பு. சாம்பாரை வெறுமனே பார்த்தால் தெரியாது என்பதால் ஒரு கைச் சோறு. ரசத்துக்கு ஒரு கைச் சோறு. பருப்புப் பாயசம் ஒரு டம்ளர். சர்க்கரை போதவில்லை என்று திருப்பி அனுப்பியதால் சரிபார்க்க இன்னொரு டம்ளர். ஜாங்கிரி ஒன்று. அப்பளம் நமுத்திருக்கிறதா என்று மூன்று.

பதினோரு மணிக்கு மாஸ்டர் இலைக்கு முன்னால் பால்கோவாக் கரண்டியோடு நின்று தலையைச் சொறிந்தார். "இடமில்ல சார். ரெண்டாவது இலை போடட்டா?"

"போடுங்க" என்றார் திருநாவுக்கரசு. அவருக்கே அந்தக் குரல் கேட்கவில்லை.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அந்த இரண்டு இலைகளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பருப்பும் பாயசமும் ஒன்றோடொன்று கலந்து, ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. இதற்குமேல் மதியம் வீட்டுக்குப் போய் முறைப்படி சாப்பிட்டிருப்பார். மாலையில் வரவேற்பு இருந்திருக்கும். பதினோரு வருஷம். அதில் கடைசி இரண்டு வருஷம் இந்த இலையை வழித்து வழித்து மேகலையின் வாயில் திணித்திருக்கிறார், அவள் பசியோடு வெயிலில் நிற்கும்போது. அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பக்கிரி மாஸ்டர் பதறிவிட்டார். "என்ன சார், எதுலயாவது உப்பு கூடிப் போச்சா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மாஸ்டர்" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அன்றிலிருந்து எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று எழுதினால் கதை அழகாகத்தான் இருக்கும். அப்படி நடக்கவில்லை. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பதினோராம் நாள் மாலையில் லட்டுக்காகப் பூந்தியைத் தாம்பாளத்தில் கொட்டி ஆற வைத்திருந்தார்கள். அவர் மேடை அலங்காரக்காரரோடு பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போனார். கை தானாகப் போயிற்று, வாய் தானாக மென்றது. விழுங்கின பிறகுதான் விழித்துக்கொண்டார்.

பழைய திருநாவுக்கரசாக இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்திருப்பார். இப்போது தூணுக்குப் பின்னால் போய் நின்று போனை எடுத்தார். பரீட்சையில் தோற்றதை வீட்டில் சொல்லப் போகிறவர்போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மேகலையை அழைத்தார்.

"மேகலா."

"சொல்லுங்க."

"ரெண்டு கை பூந்தி தின்னுட்டேன்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "ரெண்டா?"

திருநாவுக்கரசு தூணில் சாய்ந்துகொண்டார். "மூணு."

அவள் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. "சரி விடுங்க. வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேருமா நடக்கப் போலாம்."

அதன்பிறகும் சறுக்கினார். ஒவ்வொரு முறையும் போன் செய்தார். டாக்டர் சொன்ன ஆறு மாசக் கணக்கும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியது, சில்லு அப்படியே இருந்தது. சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே பல தடவை கை பாதி வழியில் திரும்பி வந்தது. மண்டபத்தில் ருசி பார்ப்பது ஈர்க்குச்சி நுனி அளவாயிற்று. மதியம் கடைசிப் பந்தியில் இலை போட்டு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். இலையில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரிந்ததால் போதும் என்று சொல்ல வாய் வந்தது. சனிக்கிழமை விரதத்தைப் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிட்டார். அந்த இட்லியும் அடையும் நின்றால் பெருமாளும் நிம்மதியாக இருப்பார்.

ஐந்து மாதத்தில் மேகலை பதினாறு கிலோ குறைந்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன அளவுக்குள்தான் அவளும் சாப்பிட்டு வந்தாள். முட்டிவலி முழுக்கப் போகவில்லை. ஆனால் புதுப் பாடவருஷம் தொடங்கியபோது ஆணியில் இருந்த விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். திருநாவுக்கரசு அன்று வாசலில் நின்று, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். அவர் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஆனால் அந்த எண்பத்து நாலு இப்போதுதான் முதன்முறையாக அவருடையதாக இருந்தது.

கார்த்திகை மாதம் திருச்சியில் மண்டல விளையாட்டுப் போட்டி. மேகலை பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போயிருந்தாள். இங்கே மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாள். திருநாவுக்கரசு நாற்காலிகளில் உடைந்தவற்றைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மணி மூன்று இருக்கும். பசி மெல்லக் கிள்ள ஆரம்பித்த நேரம்.

திடீரென்று வயிறு கனத்தது.

சாப்பாட்டு வாசனைகூட இல்லாத இடத்தில், மூன்று பந்தி சாப்பிட்டு எழுந்தவர்போல அடிவயிறு நிறைந்து, ஏப்பம் வருகிற மாதிரி ஆகிவிட்டது. வேர்த்தது. நெஞ்சுதான் மறுபடி வேலையைக் காட்டுகிறது என்று பயந்து நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் ஜெசிந்தாவை அழைத்தார்.

"அப்படியே இருங்க, உங்க பதிவப் பாக்கறேன்" என்றார் டாக்டர். சிறிது நேரம் கழித்து அவர் குரல் இளகியிருந்தது. "பயப்படாதீங்க சார். உங்க இதயம் நல்லா இருக்கு. இது உங்களோடது இல்ல."

"பின்ன?"

"சில்லு ஒரு பக்கமா மட்டும் வேலை செய்யாது. இன்னிக்கு மேடம் அவங்க அளவத் தாண்டிட்டாங்க. மிச்சம் உங்களுக்கு வருது."

"மேகலாவா? அவ அப்படிச் சாப்பிட மாட்டாளே டாக்டர்."

"அதத்தான் நானும் பாத்துகிட்டு இருக்கேன்." டாக்டர் தொடர்ந்தார். "இந்த மூணு வருஷப் பதிவுல ஒரு நாள்கூட அவங்க வயிறாரச் சாப்பிட்டதில்ல சார். உங்களோடது எவ்வளவு வரும்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல. எடம் விட்டு வெச்சே சாப்பிட்டிருக்காங்க. நீங்க நிறுத்தின பிறகும் அந்தப் பயம் போகல போலருக்கு. இன்னிக்குத்தான் மொதல் தடவை."

திருநாவுக்கரசு உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தினமும் இரண்டு இட்லியோடு இலையை மடித்துவிட்டு, போதும்ங்க, எனக்குப் பசிக்கல என்று எழுந்து போனவளின் முகம் கண்ணில் நின்றது. வயிறு மறுபடி ஒரு சுற்று கனத்தது. யாரோ இன்னொரு கரண்டி வைத்திருக்கிறார்கள், அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இன்னும் வருது டாக்டர்" என்றார் அவர். கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக இருந்தது.

"பொண்ணுங்க ஜெயிச்சிருப்பாங்க. பிரியாணி வாங்கிக் குடுத்திருப்பாங்க" என்று சிரித்தார் டாக்டர். பிறகு டாக்டராக மாறிக் கேட்டார். "போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா? அளவு தாண்டிடுச்சு, உங்களுக்கு வருதுன்னு?"

"ஐயோ, வேண்டாம் டாக்டர்! பயந்துபோய்ப் பாதியில வெச்சிடுவா" என்றார் திருநாவுக்கரசு. "நான் நடந்து கழிச்சிக்கறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பைத் தேடிப் போனார்.